இன்டர்லாக்கன்: உயரத்தையும் மேகத்தையும் பார்த்துத் திட்டமிட ஒரு வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், துன் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் இடையே அமைந்த சிற்றூர் இன்டர்லாக்கன். முதன்முறை அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, திங்கட்கிழமை இந்த மலை, செவ்வாய்க்கிழமை அந்த ஏரி என்று நாட்களைப் பிரித்து, விலை உயர்ந்த பயணச்சீட்டுகளையும் வாங்கிவிடுகிறார்கள். அந்த மலைகளோ எந்த நாளில் கண்ணுக்குத் தெரியும் என்பதை யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனவே இடங்களைக் கிழமைவாரியாகப் பிரிக்காமல் உயரவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அன்றன்று காலையில் எது என்று முடிவு செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரின் அமைப்பு

இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருந்தாலும் ஊரின் மையம் எந்த ஏரிக்கரையிலும் இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் ஏரியைத் தேடிப் பலர் ஏமாறுவது இதனால்தான். பனியுகத்திற்குப் பிறகு இங்கே நீண்ட ஒரே ஏரிதான் இருந்தது. தெற்கிலிருந்து வரும் லூட்ஷினே ஆறும் வடக்கிலிருந்து வரும் லொம்பாக் ஓடையும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் கல்லும் அந்த ஏரியை இரண்டாகப் பிரித்தன. அப்படி உருவான தட்டையான நிலத்தின் மேல்தான் ஊர் நிற்கிறது. ஆரே ஆறு பிரியன்ஸ் ஏரியிலிருந்து புறப்பட்டு, ஊரைக் கடந்து, துன் ஏரியில் சேர்கிறது.

ஊருக்கு இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. மேற்கே உள்ளது இன்டர்லாக்கன் வெஸ்ட். கிழக்கே உள்ளது இன்டர்லாக்கன் ஓஸ்ட். இரண்டையும் ஹோஹேவெக் என்னும் முதன்மைச் சாலை இணைக்கிறது. மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்திற்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். மலை ரயில்களும் பிரியன்ஸ் ஏரிப் படகுகளும் ஓஸ்டிலிருந்தும், துன் ஏரிப் படகுகள் வெஸ்டிலிருந்தும் கிளம்புகின்றன. தங்குமிடம் எடுக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்: மலைகளுக்கே அதிகம் போகப் போகிறீர்கள் என்றால், காலையில் 15 நிமிடம் கூடுதலாகத் தூங்கவாவது ஓஸ்ட் நிலையத்திற்கு அருகே அறை எடுப்பது நல்லது. சாலையின் நடுப்பகுதியில் ஹோஹேமாட்டே என்னும் பெரிய புல்வெளி இருக்கிறது. 1864ஆம் ஆண்டு விடுதி உரிமையாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அந்த நிலத்தை வாங்கி, அதில் கட்டடம் எழுப்புவதில்லை என்று உடன்பட்டார்கள். அந்த உடன்பாடு இன்றும் நிலைப்பதால்தான் ஊரின் நடுவில் நின்றே யுங்ஃப்ராவ் சிகரத்தைத் தடையின்றிப் பார்க்க முடிகிறது. பாராகிளைடர்களில் பறப்பவர்கள் வந்து இறங்குவதும் அந்தப் புல்வெளியில்தான்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நடைப் பயணமும் ஏரியும் வேண்டும் என்பவர்களுக்கு ஜூன் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஏற்ற காலம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் 2,000 மீட்டருக்கு மேலுள்ள சில பாதைகளில் அம்மாதத்திலும் பனி முழுவதும் கரைந்திருக்காது. செப்டம்பரில் கூட்டம் குறைந்து வானம் ஓரளவு நிலைப்படும் என்பதால், விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் அம்மாதத்தையே தேர்ந்தெடுக்கலாம். ஏப்ரல், நவம்பர் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. பனிச்சறுக்குக் காலம் முடிந்து கோடை தொடங்காத அந்த இடைவெளிகளில்தான் கேபிள் கார்களையும் மலை ரயில்களையும் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பாதி மலைகள் மூடியிருப்பது தெரியவரும்.

பயணச்சீட்டு: கணக்குப் போட்டு வாங்குங்கள்

இங்கே செலவில் பெரும்பகுதி தங்குமிடத்திற்கும் மலை ஏறும் வண்டிகளுக்கும் போகிறது. சுவிஸ் டிராவல் பாஸ் என்னும் அட்டையில் நாட்டின் ரயில், பேருந்து, ஏரிப் படகுகள் அடங்கும். கிரிண்டெல்வால்ட், வெங்கன், மியூரன் ஆகிய மலையூர்கள் வரையும் அது செல்லும். அதற்கும் மேலே உள்ள யுங்ஃப்ராயோக் மலை ரயில் நிலையத்திற்குத் தள்ளுபடி மட்டுமே. ஹாஃப் ஃபேர் கார்டு என்பது பெரும்பாலான பயணங்களைப் பாதி விலைக்குத் தரும் அட்டை. தினமும் ஊர் ஊராக மாறுபவர்களுக்கு முன்னதும், ஒரே ஊரில் தங்கி மலைகளுக்கு மட்டும் போய் வருபவர்களுக்குப் பின்னதும் பெரும்பாலும் பொருந்தும். பெர்னர் ஓபர்லாந்து பாஸ் என்னும் வட்டார அட்டையும் உண்டு. நான்கைந்து நாட்கள் இப்பகுதியிலேயே சுற்றுபவர்கள் அதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பெற்றோரில் ஒருவரிடம் இத்தகைய சீட்டு இருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் குடும்ப அட்டையைக் கேட்டுப் பெற மறக்காதீர்கள். விடுதியில் பதிவு செய்யும்போது தரும் விருந்தினர் அட்டையையும் பையிலேயே வைத்திருங்கள். உள்ளூர்ப் பேருந்துகளில் அது செல்லும்.

இடங்களை உயரவாரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில் பள்ளத்தாக்கு மட்டத்திலுள்ள இடங்கள்: இரு ஏரிகள், கீஸ்பாக் அருவி, பேயாட்டஸ் குகைகள், லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு, பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம். இரண்டாம் பத்தியில் சுமார் 1,300 முதல் 2,300 மீட்டர் வரையுள்ளவை: ஹார்டர் குல்ம், ஷீனிகே பிளாட்டே, மேன்லிஷன், ஃபிர்ஸ்ட், மியூரன். மூன்றாம் பத்தியில் இரண்டே பெயர்கள்: 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன், 3,454 மீட்டரில் ரயில் நிலையம் கொண்ட யுங்ஃப்ராயோக். முதல் பத்தி மழை நாளுக்கும் தாங்கும். மூன்றாம் பத்தி, வானம் முழுவதும் வெளுத்த நாளுக்கு மட்டும். நடுப்பத்திதான் உண்மையில் இந்த ஊரின் செல்வம்; அவசரத்தில் வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதையே.

காலையில் முடிவெடுக்கும்போது அறையின் ஜன்னலை நம்பக் கூடாது. இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்து, ஏரியே தெரியாமல் இருக்கும். அதே நேரத்தில் 1,500 மீட்டருக்கு மேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கோடையில் இதற்கு நேர்மாறாக, ஊரில் வெயில் இருக்க, சிகரங்களை மட்டும் மேகம் மூடியிருக்கும். ஒவ்வொரு மலை உச்சியிலும் நேரலைக் கேமரா இருக்கிறது. அந்தந்த மலை ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். வானிலைக்கு மீட்டியோசுவிஸ் என்னும் அரசு வானிலைத் துறையின் செயலியும், வண்டி நேரத்திற்கு எஸ்பிபி என்னும் கூட்டாட்சி ரயில்வேயின் செயலியும் கைப்பேசியில் இருக்கட்டும். ஃபன் என்று அழைக்கப்படும் வெப்பமான தென்காற்று வீசும் நாட்களில் மலைகள் மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் காற்று வலுத்தால் கேபிள் கார்கள் நின்றுவிடும். அத்தகைய நாளில் பற்சக்கர ரயில் செல்லும் மலையைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான முடிவு.

முதல் மாலை: ஹார்டர் குல்ம்

வந்து சேர்ந்த நாளில், வானம் திறந்திருந்தால், மாலையில் ஹார்டர் குல்முக்குப் போங்கள். ஓஸ்ட் நிலையத்திலிருந்து ஆற்றைக் கடந்து சில நிமிடம் நடந்தால் கம்பியால் இழுக்கப்படும் ரயிலின் அடிவாரம் வரும். 1908ஆம் ஆண்டு தொடங்கிய இந்த வண்டி சுமார் பத்து நிமிடத்தில் உங்களை 1,300 மீட்டருக்கு மேலே கொண்டு சேர்க்கும். பாறைக்கு வெளியே நீட்டிக் கட்டப்பட்ட மேடையில் நின்றால் இடப்புறம் பிரியன்ஸ் ஏரி, வலப்புறம் துன் ஏரி, நேரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்னும் மூன்று சிகரங்கள். வரைபடத்தில் படித்த ஊரின் அமைப்பு அங்கேதான் தெளிவாகப் புரியும் என்பதால் முதல் நாளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். கடைசி வண்டியின் நேரத்தை மேலே ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால், இந்த ரயில் ஓடுகிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிகள்

பிரியன்ஸ் ஏரியின் பச்சை கலந்த நீல நிறம் புகைப்படத்தில் கூட்டிக் காட்டியது அன்று. பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கும் மாவு போன்ற துகள்களை ஆரேயும் லூட்ஷினேயும் ஏரிக்குள் கொண்டுவருகின்றன; நீரில் மிதக்கும் அத்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்நிறம் வருகிறது. பனி உருகும் கோடையில் அது மேலும் வெளுத்துத் தெரியும். இதே காரணத்தால் தண்ணீர் ஆகஸ்டிலும் குளிர்ந்தே இருக்கும். நீந்த விரும்புபவர்கள் சற்று வெப்பம் கூடிய துன் ஏரிக்குப் போவது நல்லது.

பிரியன்ஸ் ஏரியில் ஒரு நாளைச் செலவிட எளிய வழி, ஓஸ்ட் நிலையத்தின் பின்புறமுள்ள படகுத்துறையில் ஏறி கீஸ்பாக்கில் இறங்குவது. 1914ஆம் ஆண்டு கட்டப்பட்ட லோட்ஷ்பெர்க் என்னும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் கோடையில் குறிப்பிட்ட நேரங்களில் ஓடுகிறது. அந்த நேரத்தைப் பார்த்து ஏறினால், கீழ்த்தளத்தில் இயந்திரம் அசைவதை மேலிருந்தே பார்க்கலாம். கீஸ்பாக் துறையிலிருந்து 1879ஆம் ஆண்டு முதல் ஓடும் சிறிய கம்பி இழுவை ரயில் மேலே செல்கிறது. ஒற்றைத் தண்டவாளம் நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும் அங்கே விலகிச் செல்வதைக் கவனியுங்கள். இன்று உலகெங்கும் பயன்படும் அந்த ஏற்பாடு தொடக்க காலத்தில் அமைந்த இடங்களில் இதுவும் ஒன்று. மேலே பழைய விடுதியைக் கடந்து பத்து நிமிடம் ஏறினால், பாதை அருவியின் பின்புறமாகவே செல்லும். பாறை வளைவுக்குள் நின்றால் முன்னே தண்ணீர்த் திரை விழுந்துகொண்டிருக்கும்; பேச்சுக் கேட்காது, மரக் கைப்பிடி எப்போதும் ஈரமாகவே இருக்கும், கைப்பேசியை உறைக்குள் போட்டுவிடுவது நல்லது. பதினான்கு படிகளாக மொத்தம் சுமார் 500 மீட்டர் இறங்கும் அருவி இது. திரும்பும்போது அதே படகில் வராமல், ஏரிக்கரைப் பாதையில் சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்து ஈசெல்ட்வால்ட் கிராமத்தை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் ஊர் திரும்பலாம். ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரில் வந்ததால் அக்கிராமத்தின் சிறு மரத்துறை ஒன்றுக்கு உலகப் புகழ் வந்துவிட்டது. நெரிசல் தாங்காமல், அதில் ஏறிப் படம் எடுக்க 5 பிராங்க் கட்டணம் வைத்துவிட்டார்கள். கரையில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, காட்சியும் அதேதான்.

துன் ஏரியின் வடகரையில், இன்டர்லாக்கனிலிருந்து பேருந்தில் போகக்கூடிய தொலைவில், பேயாட்டஸ் குகைகள் உள்ளன. டிராகன் என்னும் கற்பனை விலங்கை விரட்டிவிட்டு ஒரு துறவி அங்கே வாழ்ந்தார் என்பது ஐதீகம். சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்த குகைக்குள் சுமார் ஒரு கிலோமீட்டர் விளக்கொளியில் நடக்கலாம். உள்ளே ஆண்டு முழுவதும் பத்து டிகிரிக்கும் குறைவான குளிரே நிலவும் என்பதால் கோடையிலும் ஒரு மேலங்கி வேண்டும். மழை நாளுக்கென்றே இதை ஒதுக்கி வைத்திருங்கள்.

லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு

ஓஸ்ட் நிலையத்திலிருந்து கிளம்பும் மலையடிவார ரயிலில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே ரயிலாகக் கிளம்பும் அது ட்ஸ்வைலூட்ஷினன் என்னும் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கும் போகிறது. நடைமேடையில் தொங்கும் பலகையும் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள எழுத்தும் எந்தப் பாதி எங்கே போகும் என்பதைக் காட்டும். இருக்கை தேடும் முன்பு அதைப் படித்துவிடுங்கள்.

லாட்டர்புருன்னனில் இறங்கினால் இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். ஊரின் எல்லையிலேயே ஸ்டௌப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பாதி வழியிலேயே காற்றில் சிதறித் தூசுபோல் ஆகிவிடுவதால் தொலைவிலிருந்து பார்ப்பதே அழகு. அங்கிருந்து சமதளப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் டிரும்மெல்பாக். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாறுகளும் உருகி வரும் நீர், மலையின் உட்புறத்தைக் குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்குகிறது. விநாடிக்கு 20,000 லிட்டர் வரை நீர் பாயும் அந்தக் குடைவுக்குள் மின்தூக்கியில் ஏறி, படிகளில் இறங்கிவர வேண்டும். படிகள் வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியும் மழைச் சட்டையும் தேவை. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே அனுமதிப்பதில்லை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மழை பெய்யும் நாளில் இந்த இடம் மேலும் வலுவாகத் தெரியும் என்பதால், வானம் கறுத்திருக்கிறதே என்று அறையில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

நடு உயரம்

மேகம் சிகரங்களை மட்டும் மூடும் நாட்களிலும் இங்கே நடக்கலாம் என்பதால் இந்தப் பகுதிக்குக் குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள். நடக்கப் பழகாதவர்களுக்கும் ஏற்றது மேன்லிஷனிலிருந்து கிளைனே ஷைடெக் வரையுள்ள பாதை. வெங்கனிலிருந்தோ கிரிண்டெல்வால்டிலிருந்தோ கேபிள் காரில் மேன்லிஷன் ஏறி, அங்கிருந்து பெரும்பாலும் மெல்லிய இறக்கமாகவே ஒன்றரை மணி நேரம் நடந்தால் 2,061 மீட்டரிலுள்ள கிளைனே ஷைடெக் ரயில் நிலையம் வரும். வழி முழுவதும் ஐகரின் வடமுகம் எதிரே நிற்கும். யுங்ஃப்ராயோக்கிற்கு ஆகும் செலவில் சிறு பகுதியில் அதே மூன்று சிகரங்களை நெருங்கிப் பார்க்கும் வழி இது. ஒரே ஒரு நல்ல நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் இதையே சொல்வேன்.

கிரிண்டெல்வால்டிலிருந்து கேபிள் காரில் ஃபிர்ஸ்ட் சென்று, அங்கிருந்து ஒரு மணி நேரத்திற்குள் நடந்தடையும் பாக்ஆல்ப் ஏரியும் எளியதே. காற்றில்லாத காலையில் சிகரங்களின் நிழல் நீரில் விழும். பதினொரு மணிக்குப் பிறகு அலையும் கூட்டமும் சேர்ந்துவிடும். ஷீனிகே பிளாட்டே வேறு வகை: வில்டர்ஸ்வீலிலிருந்து 1893ஆம் ஆண்டு முதல் ஓடும் பற்சக்கர ரயில், ஏறக்குறைய ஐம்பது நிமிடம் மரப்பெட்டிகளில் ஆடி ஆடி ஏறும். உச்சியில் ஆல்ப்ஸ் தாவரங்களுக்கான தோட்டம் உண்டு. பூக்களைப் பார்க்க ஜூலை ஏற்ற மாதம். அங்கிருந்து ஃபவுல்ஹார்ன் வழியாக ஃபிர்ஸ்ட் வரை செல்லும் நீண்ட பாதை ஆறு மணி நேர நடை. பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்.

யுங்ஃப்ராயோக்

1896ஆம் ஆண்டு தொடங்கி 16 ஆண்டுகள் பாறையைக் குடைந்து, 1912ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில் இங்கே வருகிறது. இன்டர்லாக்கனிலிருந்து போய்வரத் தள்ளுபடி இல்லாத கட்டணம் கோடையில் 200 பிராங்கைத் தாண்டும். அவ்வளவு கொடுத்து மேகத்தைப் பார்ப்பதில் பொருளில்லை. ஆகவே முந்தைய நாள் மாலை வானிலையைப் பார்த்து, மறுநாள் காலையின் முதல் வண்டிகளில் ஒன்றுக்கு இருக்கை முன்பதிவு செய்யுங்கள். லாட்டர்புருன்னன், வெங்கன் வழியாகப் பற்சக்கர ரயிலில் ஏறி, இறங்கும்போது ஐகர்க்ளெட்ஷர் நிலையத்திலிருந்து 2020ஆம் ஆண்டு திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் கிரிண்டெல்வால்ட் வந்தால் இரு பள்ளத்தாக்குகளையும் பார்த்ததாகும்.

மேலே காற்று மெலிந்திருக்கும். ரயிலை விட்டு இறங்கியதும் வேகமாக நடக்காமல், தண்ணீர் குடித்துக்கொண்டு மெதுவாக நகருங்கள். தலைவலியோ மயக்கமோ கூடினால் அடுத்த வண்டியில் கீழே இறங்குவதே மருந்து. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜூலையிலும் உறைநிலைக்கு அருகே குளிரும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியைப் பார்க்க முடியாது. ஆல்ப்ஸ் மலையின் மிக நீளமான ஆலெட்ஷ் பனியாறு அங்கிருந்துதான் தெற்கே இறங்குகிறது. குறியிட்ட பாதையைத் தாண்டிப் பனியில் கால் வைக்கக் கூடாது. அடியில் பிளவுகள் மறைந்திருக்கும்.

பாதையிலும் நீரிலும் கவனிக்க வேண்டியவை

மஞ்சள் பலகை சாதாரண நடைபாதையைக் குறிக்கும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி மலைப்பாதை. கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள். அது கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கானது. பலகையில் எழுதிய நேரத்தில் ஓய்வு சேராது. பழகாதவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாதை மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகும்போது திறந்த கதவை மூடிவிட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் பசுவை, நம் ஊர்ப் பசு என்று நினைத்து நெருங்கித் தடவப் போகாதீர்கள், முட்டிவிடும். ஏரிக்கரையில் செம்மஞ்சள் விளக்கு நிமிடத்திற்கு 40 முறை மின்னினால் காற்று எச்சரிக்கை. 90 முறை மின்னினால் புயல், உடனே கரையேற வேண்டும். ஆரே ஆற்றின் நீரோட்டம் பார்ப்பதைவிட வேகமானது. உள்ளூர்க்காரர்கள் நீந்துவதைப் பார்த்துப் புதியவர்கள் இறங்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 144, மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414.

உணவைப் பொறுத்தவரை, காலையிலேயே கூப் அல்லது மிக்ரோஸ் கடையில் ரொட்டி, தயிர், பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குடிநீரல்ல என்ற அறிவிப்பு இல்லாத தெருக் குழாய்களில் தாராளமாகத் தண்ணீர் பிடிக்கலாம். சைவ உணவுக்காரர்கள் ரோஸ்டி என்னும் உருளைக்கிழங்கு உணவைக் கேட்கும்போது பன்றி இறைச்சித் துண்டு சேராததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் அவசரம் இல்லையென்றால், வெஸ்ட் நிலையத்தருகே துன் ஏரிப் படகில் பெட்டிகளோடு ஏறிவிடுங்கள். ஸ்பீட்ஸ், ஓபர்ஹோஃபன் கோட்டைகளைக் கடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் படகு துன் நகரை அடையும். படகுத்துறைக்கு எதிரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பெர்ன் இருபது நிமிடம். ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் அந்நகரில், ஐரோப்பாபிளாட்ஸ் நிலையத்தருகே 2014ஆம் ஆண்டு திறந்த சமயங்களின் இல்லத்தில் ஒரு சைவக் கோயிலும் உண்டு. நேரம் இருப்பவர்கள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் சூரிக் விமான நிலையத்திற்குச் செல்லலாம்.